புருவம் வழித்த மாப்பிள்ளை

அத்தியாயம் மூன்று

எமில்டா வெள்ளைத் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தபோது நவரட்ணம் கண்களை மூடிக்கொண்டார். இனி இவள் மயங்கி விழுவாள், அம்புலன்ஸ் வரும், பின்னால் பொலிஸ் வரும், டோர்செட் பார்க் குடியிருப்பு முழுவதும் பல்கனியில் நின்று பார்க்கும் என்று அவருடைய மனம் வரிசையாக எழுதிக்கொண்டு போயிற்று. எதிர்க் கதிரையில் இருந்த மகேஸ்வரன் ஏற்கெனவே பாதி செத்தவர் போலத்தான் இருந்தார்.

எமில்டா சப்புக்கொட்டினாள்.

"உப்பும் அப்பச்சோடாவும். சரி பாதி. ஞாயிற்றுக்கிழமையில அறுபது அப்பம் சுடுறவளுக்கு உதைச் சொல்ல லாப் வேணுமே, அண்ணை?"

நவரட்ணம் கண்ணைத் திறந்தார். எழுபத்திரண்டு வயதிலும் கழுத்துப்பட்டி கட்டாமல் வாசல் கதவைத் திறக்காத மனிதர் அவர். யாழ்ப்பாணத்தில் நீதிமன்றப் பதிவாளராக இருந்தவர். ஸ்காபரோவுக்கு வந்த பிறகு கலியாண விசாரணை செய்பவர். பெடியன் குடிப்பானா, பெட்டைக்கு முன்கோபம் உண்டா, சாதகத்தில் இல்லாத கிரகம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று துப்புத் துலக்கி, நாலு வரியில் அறிக்கை கொடுப்பார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் "குற்றமில்லை" என்று கையெழுத்துப் போட்ட எந்தச் சம்பந்தமும் குலைந்ததில்லை. அவருடைய விதி ஒன்றுதான்: கண்டதை எழுது, கேட்டதை எழுதாதே.

எமில்டா அவருடைய உதவியாளர். மன்னார்க்காரி, பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். கார் அவளுடையது. வாயும் அவளுடையது.

இந்த முறை வழக்கு வெளியாருடையதல்ல. மகேஸ்வரன் நவரட்ணத்தின் தங்கை பேபியின் கணவர். அவர்களுடைய ஒரே மகள் நிலாணிக்கு சனிக்கிழமை கலியாணம். மாப்பிள்ளை பிரியந்தனை நவரட்ணம்தான் விசாரித்தார். இலையுதிர்காலத்தில் "குற்றமில்லை" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். இன்று வியாழக்கிழமை, இன்னும் விடியாத நேரம். மகேஸ்வரன் அந்தக் காகிதத்தையும் ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தையும் மேசையில் அருகருகே வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்தார்கள். நவரட்ணமும் போயிருந்தார். மாப்பிள்ளை வந்த கோலத்தைச் சபை முழுவதும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. இரண்டு புருவமும் இல்லை. சுத்தமாக வழித்த முகம், அவித்து உரித்த முட்டை போல. பேபி விடியற்காலையில் எழும்பி வைத்த விளைமீன் குழம்பை அவன் தொட்டும் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்து வீட்டில் மீன் குழம்பைத் தள்ளி வைப்பவன் சம்பந்தத்தையே தள்ளி வைப்பவன். நிலாணி மட்டும் பக்கத்தில் இருந்து அவனுக்குப் பருப்பும் கீரையும் போட்டுத் தானும் அதையே சாப்பிட்டாள். அவளுடைய புருவங்களில் ஒன்று மற்றதைவிடச் சற்று உயரத்தில் இருந்ததை நவரட்ணம் கவனித்தார்; இந்தக் காலத்து அலங்காரம் என்று விட்டுவிட்டார்.

அன்று கொட்டிய மழையில் பிரியந்தன் பஸ் தரிப்பிலிருந்து நடந்து வந்திருந்தான். வாசல் அலுமாரியில் தொங்கவிட்ட ஜக்கெற்றிலிருந்து தண்ணீர் ஓடியது. பேபி அதன் கீழே ஒரு பேசினை வைத்தாள். அடுத்த நாள் அந்த அலுமாரியைத் துப்புரவு செய்தபோது, ஜக்கெற் தொங்கிய இடத்தில், சப்பாத்துகளுக்குப் பின்னால் இந்தப் பொட்டலம் கிடந்தது. வாயைக் கயிற்றால் கட்டி, களிமண்ணால் அடைத்து, அதில் ஒரு பறவையின் முத்திரையும் குத்தியிருந்தது. உள்ளே வெள்ளைத் தூள்.

மகேஸ்வரன் மூன்று நாள் நித்திரை கொள்ளவில்லை. புருவம் வழிப்பது ஏதோ கூட்டத்தின் அடையாளம் என்று வேலையிடத்தில் யாரோ சொன்னார்களாம். பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது, பாவம், அவள் விடிய ஐந்தரைக்கே ஜிம்முக்குப் போகிறவள் என்றார். கடைசியில் அவர் சொன்னதுதான் நவரட்ணத்தின் நெஞ்சில் நின்றது.

"இண்டைக்கு மத்தியானத்துக்குள்ள முடிவு சொல்லுங்கோ, மச்சான். இல்லையெண்டால் மண்டபத்துக்கு அடிச்சு நிற்பாட்டிப்போடுவன். பிறகு மாப்பிள்ளையை விசாரிச்சது ஆர் எண்டு சனம் கேட்கும்."

சனம் கேட்கும். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் நவரட்ணம் பனியென்றும் பாராமல் கம்பளிக் கோட்டை மாட்டினார்.

*

மாப்பிள்ளை குடியிருக்கும் சென் ஜேம்ஸ் ரவுணை நோக்கிக் கார் போனது. எமில்டா ஒரு கையால் ஓட்டியபடி மறு கையால் மீன் ரோல்ஸ் சாப்பிட்டாள். கைத்தொலைபேசி இரண்டு தரம் அடித்தது. இரண்டு தரமும் அவசரமாக நிறுத்தினாள். திரையில் "துர்க்கா" என்ற பெயரை நவரட்ணம் கண்டார். யார் என்று கேட்டார்.

"மாதா கோயில் கோரஸ்ல பாடுற மனிசி," என்றாள் எமில்டா.

அந்தப் பெயரை நவரட்ணம் மனதில் ஒரு மூலையில் குறித்துக்கொண்டார்.

பிரியந்தன் குடியிருந்த பன்னிரண்டாம் மாடியில், அவனுக்குப் பக்கத்துக் கதவு கரோலினுடையது. கரோலின் எமில்டாவுக்கு ஊர்க்காரி. கணவர் போன பிறகு அந்த அம்மாவுக்குப் பொழுதுபோக்கு சுவர்தான். தேநீர் ஊற்றிக்கொண்டே அவர் தாராளமாகச் சாட்சியம் அளித்தார்.

அந்தப் பெடியன் தனியாக இல்லையாம். உள்ளே ஒரு பொம்பிளை இருக்கிறாளாம். கண்ணால் கண்டதில்லை, ஆனால் இல்லாமல் எப்படி? ஒவ்வொரு நாளும் புதுப் பாண் வாங்குகிறான். ஒரு ரின் பியர், பூ, அத்தர், சின்ன டப்பாவில் கண் மை. அவன் மை பூசுகிறவனா? கையகலத்தில் வெள்ளைத் துணிகளைத் துவைத்துப் பல்கனியில் காயப் போடுகிறான். பொம்பிளைக்கும் காணாது, குழந்தைக்கும் காணாது, என்ன கணக்கென்று விளங்கவில்லை. இதெல்லாம் போக, போன மாதக் கடைசியில் மூன்று நாள் "மீனாட்சி, மீனாட்சி" என்று விம்மி விம்மி அழுதான்.

"அப்ப ஓடிப்போயிட்டாள்," என்றாள் எமில்டா.

இல்லை என்றார் கரோலின். அதற்குப் பிறகும் பாண் வருகிறது.

"அப்ப மீனாட்சி செத்து, வேற ஒருத்தி வந்திட்டாள். அண்ணை, போதைப்பொருள், கள்ளப் பெஞ்சாதி, கொலை. ஏழு மணிக்கு முதலே மூண்டு. நீங்கள் எழுதின 'குற்றமில்லை' கொஞ்சம் மெலிஞ்சு போச்சு."

நவரட்ணத்தின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. அவமானம் வரும்போது அவருடைய முதுகு வளைவதில்லை; நேராகும். சரியாக அந்த நேரத்தில் கரோலின் விரலை உதட்டில் வைத்து, கண்ணாடித் தம்ளர் ஒன்றை நீட்டினார். நீதிமன்றப் பதிவாளராக இருந்த மனிதர், கழுத்துப்பட்டியோடு, தம்ளரைச் சுவரில் வைத்துக் காதைப் பொருத்தினார்.

பிரியந்தனின் குரல் கேட்டது. மிகவும் கனிவான குரல்.

"அமைதியாய் எழுந்தருள்வாய், என் நாயகியே. அமைதியாய்க் கண் மலர்வாய்."

"நாயகியாம்," என்று எமில்டா முணுமுணுத்தாள். "என்ர மனிசன் முப்பது வருசமா என்னை 'எழும்படி' எண்டுதான் எழுப்பினவர்."

தமிழ் சுத்தமாக இருந்தது. அதுவே நவரட்ணத்தை உறுத்தியது. கள்ளப் பெஞ்சாதியை யார் திருப்பள்ளியெழுச்சி பாடி எழுப்புவார்கள்? அவர் தம்ளரை இன்னும் அழுத்தினார். குரல் இப்போது ஏதோ சத்தியப் பிரமாணம் போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. நான் களவெடுத்ததில்லை. நான் ஒருவரையும் அழவைத்ததில்லை. நான் நிறையில் மோசம் செய்ததில்லை.

"நான் ஒட்டுக்கேட்டதில்லை," என்றது சுவர்.

நவரட்ணம் தம்ளரைச் சுவரிலிருந்து எடுத்து, மேசையில் வைத்து, கைக்குட்டையால் காதைத் துடைத்துக்கொண்டார்.

*

கதவைத் தட்டியதும் உடனே திறக்கவில்லை. உள்ளே தும்புத்தடி நிலத்தைப் பெருக்கும் ஓசை மெதுவாக வாசலை நோக்கி வந்தது. திறந்தபோது பிரியந்தன் இடுப்பில் வெள்ளை வேட்டியும் கையில் தும்புத்தடியுமாக நின்றான். புருவம் இருந்த இடத்தில் புது மயிர் அரும்பி இலேசாகப் பச்சை நிறம் ஓடியிருந்தது. நவரட்ணத்தைக் கண்டு அவன் பயந்ததைவிட, அவருடைய உடுப்பைக் கண்டுதான் கூடப் பயந்தான்.

"அங்கிள், வாங்கோ. கோவிக்காதேங்கோ, கம்பளிக் கோட்டை வெளியில விடவேணும். தோல் சாமானும் உள்ள வரக்கூடாது."

சப்பாத்தைக் கழற்றுவது தமிழனுக்குப் புதிதல்ல. கோட்டும் போயிற்று. ஆனால் அவன் கண் அவருடைய பெல்ட்டில் நின்றது. போன வருடச் சீனி வருத்தத்தில் பத்து இறாத்தல் மெலிந்த நவரட்ணத்துக்கு அந்தப் பெல்ட் வெறும் அலங்காரமல்ல. ஆனாலும் ஒரு வீட்டு வாசலில் நின்று வாதாடுவது அவருடைய குலத்து வழக்கமில்லை. பெல்ட்டைக் கழற்றி எமில்டாவிடம் கொடுத்தார். இடக் கையால் காற்சட்டையைப் பிடித்தபடி, வலக் கையை மார்புக்கு நேரே வைத்துக்கொண்டு, அரசர் போல உள்ளே நடந்தார். எமில்டாவை அவன் மறித்தான். மீன் வாசம் அடிக்கிறது என்றான். அவள் பெல்ட்டோடு வாசலில் நின்றாள்.

அறையில் கட்டில்கூட இல்லை. சுவரோடு ஒரு சிறிய மரப் பெட்டகம். அதன் கதவுகளைக் கயிற்றால் கட்டி, ஈரக் களிமண் வைத்து, பறவை முத்திரை குத்தியிருந்தது. முன்னால் பாண், பியர், பூ. மூலையில் மாலை போட்ட ஒரு படம். படத்தில் கொழுத்த சாம்பல் நிறப் பூனை ஒன்று உலகத்தை மன்னிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மீனாட்சி?" என்று கேட்டார் நவரட்ணம்.

"ஓம், அங்கிள். பதினாலு வயசு."

பெட்டகத்துக்குள் இருப்பது பாஸ்தெத் என்றான். பூனைத் தலையுள்ள எகிப்தியத் தாய். ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய வழிபாட்டை இன்று உலகத்தில் சிலர் திரும்பச் செய்கிறார்களாம்; தானும் அப்படி ஒருவன். விடிய எழும்பி முழுகி, உப்பும் சோடாவும் கலந்த தூளால் வாய் கொப்பளித்து, முத்திரையை உடைத்துத் தாயை எழுப்ப வேண்டும். துணி மாற்றி, மை தீட்டி, வாசனை பூசி, படைத்து, முத்திரை வைத்து, தன் காலடித் தடம் ஒன்றும் மிஞ்சாதபடி பின்னுக்குப் பெருக்கிக்கொண்டே வெளியே வரவேண்டும். படைத்ததைப் பிறகு தாங்கள் சாப்பிடலாம். மீன் ஆகாது, கம்பளி ஆகாது, தோல் ஆகாது. வீட்டில் பூனை செத்தால் வீட்டார் புருவம் வழித்துத் துக்கம் காக்க வேண்டும்.

நவரட்ணம் கேட்டுக்கொண்டே நின்றார். கோபம் எங்கே என்று தேடினார்; அகப்படவில்லை. எழுப்புகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், உடுத்துகிறார்கள், படைக்கிறார்கள், பிரசாதம் சாப்பிடுகிறார்கள். ஆசாரம் கெட்ட கூட்டம் என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. ஸ்காபரோவில் எத்தனை வீட்டில் சாமி ஒன்பது மணிவரை நித்திரை கொள்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"அண்ணை, கேஸ் முடிஞ்சுது," என்றாள் வாசலில் நின்ற எமில்டா. "பூனை இயற்கை மரணம்."

நவரட்ணம் மகேஸ்வரன் தந்த பொட்டலத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். விருந்தன்று நீர் விட்டுவிட்டு வந்தது என்றார்.

பிரியந்தன் அதை வாங்கி, விரலால் தட்டிப் பார்த்து, முழித்தான். தன்னுடையது தன்னிடம் இருக்கிறது என்று அலுமாரியிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். அதே துணி, அதே முத்திரை. ஆனால் கல்லுப் போல இறுகிக் கிடந்தது.

"ஞாயிற்றுக்கிழமை இது என்ர ஜக்கெற் பொக்கெற்றில இருந்தது. மழையில ஊறி, பிறகு கட்டியாப் போச்சு."

நவரட்ணம் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மாரிகாலத்தில் உப்புப் போத்தல் என்ன ஆகும் என்பது எந்தக் குசினிக்கும் தெரியும். மழையில் நனைந்து வந்தவனுடைய தூள் கட்டி. மகேஸ்வரன் கொண்டுவந்த தூள் பொலபொலவென்று காய்ந்த தூள். அப்படியென்றால் அது மழையில் வரவில்லை. வெளியிலிருந்தே வரவில்லை. அந்த வீட்டிலேயே இருந்தது.

பருப்பும் கீரையும். விடிய ஐந்தரைக்கு ஜிம். ஒன்று உயர்ந்து, ஒன்று தாழ்ந்த புருவம்.

மின்தூக்கி மணி அடித்தது. நடைபாதையில் மெல்லிய காலடி. துணிச் சப்பாத்தும் பஞ்சு ஜக்கெற்றுமாக, கையில் பாண் பையோடு நிலாணி வந்து நின்றாள். பஸ் பிந்தியதில் மூச்சு வாங்கியது. கண்ணுக்கு மேலே ஒன்றுமே இல்லை. வெளிக்கிட்ட அவசரத்தில் புருவத்தைப் பென்சிலால் கீற அவளுக்கு அவகாசம் இருந்திருக்காது.

மாமனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவரிடம் புருவம் இல்லை. மற்றவரிடம் பெல்ட் இல்லை.

"இதை ஆர் ஆருக்குப் பழக்கினது?" என்று கேட்டார் நவரட்ணம். அவருக்கு விடை தெரியும்.

"நான்தான், மாமா," என்றாள் நிலாணி. "யூனிவர்சிற்றியில படிக்கேக்க தொடங்கினது. ஏழு வருசம். அவர் என்னாலதான் வந்தவர். அவருக்கு மீன் எண்டால் உயிர்."

பிரியந்தன் விளைமீனை நினைத்துத் தலையைக் குனிந்தான்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் தட்டியவர், தன் தங்கை வீட்டுக் கதவை ஒரு நாளும் தட்டிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையில் குற்றம் தேடி வந்தவருக்குக் கிடைத்தது பெண் வீட்டுச் சங்கதி. அதுவும் தன் வீட்டுச் சங்கதி. காற்சட்டையைப் பிடித்த கை இறுகிற்று.

நிலாணி அழவில்லை. பாணை வாசலில் வைத்துவிட்டு அவள் சொன்னதுதான் அவரை அசைத்தது. இந்த வழிபாட்டில் நாற்பத்திரண்டு வாக்கு உண்டு. செத்த பிறகு ஆன்மாவை நிறுக்கும்போது, இன்ன பாவம் செய்ததில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியவை. அவற்றை அவள் அடிக்கடி சொல்லிப் பழகுவாள்.

"இஞ்ச வரத் தொடங்கி மூண்டு மாசமா நான் நாற்பத்தொண்டுதான் சொல்லுறன், மாமா. 'பொய் சொன்னதில்லை' எண்டதை விட்டிட்டுச் சொல்லுறன். அம்மாவுக்கு ஜிம் எண்டு சொல்லிப்போட்டு வந்து அதை எப்பிடிச் சொல்லுறது?"

ஒருவரும் பார்க்காத அறையில், பூட்டிய பெட்டகத்துக்கு முன்னால் நின்றுகூட ஒரு பொய்யை வாயால் சொல்ல மறுக்கும் பிள்ளை. நீதிமன்றத்தில் கையை உயர்த்தி ஆயிரம் பொய் சொன்னவர்களைப் பார்த்தவர் நவரட்ணம். குலப் பெருமை என்று இவ்வளவு காலமும் தான் காத்தது எதை என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

இன்று பின்னேரம் தாயையும் தகப்பனையும் இருத்தி வைத்து அவளே எல்லாம் சொல்ல வேண்டும் என்றார். தான் பக்கத்தில் இருப்பேன், ஆனால் அவளுக்காகப் பேச மாட்டேன் என்றார். நிலாணி ஓம் என்று தலையாட்டினாள்.

அடுத்து நவரட்ணம் வாசலைப் பார்த்தார்.

"எமில்டா, மாதா கோயில் கோரஸ்ல துர்க்கா எண்ட பேரில ஆர் பாடுறது?"

எமில்டா பெல்ட்டைச் சுருட்டினாள், விரித்தாள். பிரியந்தன்தான் பேசினான்.

"துர்க்கா எண்டது என்ர அம்மாவின்ர வீட்டுப் பேரெல்லோ, அங்கிள். நான் மாறிப்போனன், பொம்பிளை வீட்டாக்கள்தான் ஏதோ செய்துபோட்டினம் எண்டு, அவையை விசாரிக்க ஆள் வைச்சிருக்கிறா."

"கோவிக்கக்கூடாது, அண்ணை," என்றாள் எமில்டா. "நீங்கள் பெடியன்ர பக்கம் பார்க்கிறியள். அவைக்குப் பொம்பிளைப் பக்கம் பார்க்க ஒராள் வேணும். ஒரே காரில போனால் பெற்றோல் மிச்சமெல்லே?"

நவரட்ணம் கையை நீட்டினார். அவள் பெல்ட்டைக் கொடுத்தாள்.

*

காரில் ஏறியதும் மகேஸ்வரன் தொலைபேசியில் வந்தார். தூள் என்ன தூள் என்று கேட்டார். அப்பச்சோடாவும் உப்பும், குடித்தாலும் சாகமாட்டீர் என்றார் நவரட்ணம். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. அப்போ மாப்பிள்ளையில் குற்றமில்லையா என்று மகேஸ்வரன் கேட்டார். இல்லை என்றார் இவர். அப்போ அது மாப்பிள்ளையின் பொட்டலம்தானே?

"மாப்பிள்ளையின்ரதில்லை. உது உங்கட வீட்டுச் சாமான்," என்றார் நவரட்ணம். "பின்னேரம் ஆறு மணிக்கு வாறன். பேபியை மீன் சமைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

எமில்டா காரை எடுக்கவில்லை. மடியில் குறிப்புப் புத்தகத்தை விரித்திருந்தாள். பேனை மூடி பல்லில்.

"துர்க்கா அக்கா காத்திருக்கிறா. என்ன எழுத, அண்ணை?"

"கண்டதை எழுதும். கேட்டதை எழுதாதையும்."

அவள் எழுதினாள்; எழுதியதை வாசித்தும் காட்டினாள். பொம்பிளை விடிய எழும்பும். தோலும் கம்பளியும் போட்டுக்கொண்டு சாமிக்கு முன்னால் போகாது. ஒரு பொய் சொன்னது. அதைத் தானே ஒப்புக்கொண்டது. அதற்கு மேல் பேனை நின்றது. அவள் கடைக்கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"இன்னொண்டும் கண்டனான். மாமன்காரன் சுவரில தம்ளர் வைச்சு ஒட்டுக்கேட்கிறவர். எழுதவோ, விடவோ?"

நவரட்ணம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். முன் கண்ணாடியில் பனி விழுந்து உருகிக்கொண்டிருந்தது. தன்னுடைய நாற்பத்திரண்டை அவர் மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். மருமகளுக்கு வந்த தொகைதான் அவருக்கும் வந்தது.

"எழுதும்," என்றார். "எங்கட குடும்பத்தில நாற்பத்தொண்டுக்குக் குறைஞ்ச ஆள் இல்லை எண்டும் சேர்த்து எழுதும்."